லீடர் போட்ட தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

நேத்து ராத்திரி நீ போன்ல அழாத குறையா பேசினது இன்னும் காதுலயே நிக்குது. நாலாம் வகுப்புக்கு லீடர் போட்டேன்க்கா, மறுநாளே ஒரு அம்மா வந்து எம்புள்ள தானே நல்லா படிக்கிறான் அவன ஏன் போடலன்னு சண்டை, உள்ள வந்து பாத்தா லீடர் பையன் ஸ்கேல் எடுத்துக்கிட்டு ஒன்னாவது புள்ளைங்கள அதட்டிட்டு நிக்கிறான், சின்னப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் தேவையான்னு கேட்டல்ல. தேவைதான். ஆனா நீ அவனுக்குக் குடுத்தது பொறுப்பு இல்லம்மா, போலீஸ் வேலை.

நான் மூணாவது படிக்கும்போது எங்க கிளாஸ்லயும் இதே கதைதான். டீச்சர் வெளிய போனதும் லீடர் போர்டுல "பேசியவர்கள்"னு எழுதி கீழ பேரா எழுதுவா, என் பேரு பக்கத்துல மட்டும் "மிக மிக"ன்னு சேத்து எழுதுவா, ஒரு கை கொடுக்காப்புளி குடுத்தா அழிச்சிடுவா. என்கிட்ட கொடுக்காப்புளி இல்லாத அன்னைக்கெல்லாம் அடிதான். அந்த வருஷம் முழுக்க அவளும் ஒன்னும் கத்துக்கல, நானும் கத்துக்கல.

உன்னோடது ஈராசிரியர் பள்ளி. ஹெச்எம் வட்டார வள மையத்துல (பிஆர்சி) மீட்டிங்னு கிளம்பிட்டா அஞ்சு வகுப்பும் உன் தலையில, நடுவுல புள்ளைங்க விவரத்த ஆன்லைன்ல ஏத்துற எமிஸ் வேலை வேற. புள்ளைங்க கை குடுக்கலன்னா ஓட்டவே முடியாது. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007-08ல எல்லா ஊருக்கும் வந்த செயல்வழிக் கற்றல நீ புள்ளையா இருந்து பாத்திருப்ப, நான் டீச்சரா பாத்தேன். ஆறு வயசுப் புள்ள, பாட வரிசையக் காட்டுற ஏணிப்படிப் படத்துல தான் எங்க நிக்கிறோம்னு தானே பாத்து, தன் பாட அட்டையத் தானே எடுத்து, முடிச்சிட்டு எடுத்த தட்டுலயே வைக்கும், தெரியலன்னா பக்கத்துல இருக்குற அக்காவக் கேக்கும். அந்த முறையில குறை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா இந்த வயசுல இவங்களால என்ன முடியும்னு அதுக்கப்புறம் நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

பெல் கதைய உனக்குச் சொன்னேனா தெரியல. எங்க ஸ்கூல்ல வேப்பமரத்துல தண்டவாளத் துண்டு ஒன்னு தொங்கும், அதான் பெல்லு. மூணாவதுல ஒரு பையன், வாரத்துல ரெண்டு நாள் வந்தா அதிகம், மணி பாக்கத் தெரியாது, அவன்கிட்ட பெல்ல குடுத்தேன். எல்லாரும் என்ன டீச்சர் இவன்கிட்டயான்னாங்க. முதல் வாரம் சாப்பாட்டு பெல்ல இருபது நிமிஷம் முன்னாடியே அடிச்சிட்டான், பெரிய முள்ளு எங்க நிக்குதுன்னு தப்பாப் பாத்துட்டான், சத்துணவு அக்கா சோறு இன்னும் வடிக்கலயேன்னு கரண்டியோட ஓடி வராங்க, புள்ளைங்க தட்ட எடுத்துட்டு வரிசையில நின்னாச்சு. நான் ஒன்னும் சொல்லல. அவனே போயி ஒவ்வொருத்தர்கிட்டயா இன்னும் நேரம் ஆகல உள்ள போங்கன்னு சொன்னான், காதெல்லாம் செவந்து போச்சு. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போகாம கடிகாரத்துக்குக் கீழயே நின்னு, அஞ்சு அஞ்சா எண்ணி எண்ணி, நாலாவது படிக்கிற ஒருத்திகிட்ட கேட்டுக் கேட்டு கத்துக்கிட்டான். பாடப்புத்தகத்துல அதே கடிகாரப் படத்த வச்சு நான் ஒரு மாசம் நடத்தினது ஏறல. அப்புறம் லீவும் போடல, நான் வரலன்னா யாரு டீச்சர் பெல் அடிப்பாங்கன்னு என்கிட்டயே கேட்டான்.

அதான் சொல்றேன், அவங்க செய்யலன்னா நிஜமாவே ஏதாவது நின்னு போகணும், அப்படி ஒரு வேலையாப் பாத்துக் குடு. காலையில தலைய எண்ணி எத்தனை பேருன்னு சமையல் அக்காகிட்ட சொல்ற வேலை இருக்கு பாரு, காலை உணவு, சத்துணவு ரெண்டுக்கும் எண்ணிக்கை வேணும், ரெண்டாவது புள்ளைகிட்டயே குடுக்கலாம், நீயும் ஒரு தடவை எண்ணிப் பாத்துக்கோ. எல்லாத்தையும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்து, ஒரு புள்ள கூட விட்டுப் போகக் கூடாது. அந்த அம்மாகிட்டயும் இதையே சொல்லு, உங்க பையனுக்கும் முறை வரும், எல்லாருக்கும் வரும்னு.

ஒன்னு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பொம்பளப் புள்ளைங்க பெருக்க, பசங்க பெஞ்ச் தூக்கன்னு பிரிச்சிடாத. கக்கூஸ் கழுவ எந்தப் புள்ளையையும் அனுப்பாத, யாரு வீட்டுப் புள்ளைய அதுக்குக் கூப்பிடுவாங்கன்னு உனக்கே தெரியும். ஜப்பான்ல சின்ன வகுப்புல இருந்தே புள்ளைங்க வெள்ளை அங்கி, தொப்பி மாட்டிக்கிட்டு முறை வச்சு எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறுறாங்க, வகுப்பையும் அவங்களே பெருக்குறாங்க, அத நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துட்டு வர முடியாது, இங்க வெளக்கமாறு யாரு கையில போகுதுங்கறதுல தெரு இருக்கு. தண்ணிக் குடத்துல மொண்டு ஊத்துறதும் அப்படித்தான். அந்த வேலைய எல்லாத் தெருப் புள்ளைக்கும் முறை வச்சுக் குடு. யாராவது பெத்தவங்க வந்து மூஞ்சியத் தூக்குவாங்க, அன்னைக்கு நீ அசையாம நில்லு, ஹெச்எம்கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கோ.

ஸ்கேல முதல்ல வாங்கி பீரோவுல வை. அந்தப் பையன திட்டாத, அவனுக்கு லீடர்னா அதான்னு யாரோ காட்டியிருக்காங்க, அவன் கையில தலை எண்ணுற வேலையக் குடு. அப்புறம் திங்கக்கிழமை போனதும் கிளாஸ் கடிகாரம் ஓடுதான்னு பாரு, ஓடலன்னா ரெண்டு செல் வாங்கிப் போடு.

அன்புடன்,
அக்கா