வாரமும் குத்தகையும் ஒரே பையனிடம் வேண்டாம்: கொங்கு மாவட்ட விளையாட்டுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் மாவட்டங்களின் கபடிக் கழகங்கள், கிரிக்கெட் சங்கங்கள், தடகளச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் அகாடமி நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

"பையனுக்கு இப்போது மூன்று லட்சம் தருகிறோம். நாளைக்குப் பெரிய ஆளானால் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு இருபது எங்களுக்கு." இந்த மாதிரிப் பத்திரத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். பத்திரம் எழுதுபவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

அமெரிக்காவில் இது பெரிய தொழிலாகிவிட்டது. பேஸ்பால் வீரர் பெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர் 2017-இல், 18 வயதில், பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிறுவனத்திடம் 20 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு எதிர்கால வருமானத்தில் 10 சதவீதத்தை எழுதிக் கொடுத்தார் என்று செய்திகள் சொல்கின்றன. 2021-இல் அவருக்கு 14 ஆண்டுக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. பத்து சதவீதம் என்றால் 3.4 கோடி டாலர், வாங்கியதைப் போல 17 மடங்கு. 2025-இல் அவர் வழக்குப் போட்டிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெர்வான் டெக்ஸ்டரின் பத்திரமும் 2023-இல் வழக்கானது. கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய 4,36,485 டாலருக்கு, தொழில்முறை ஆட்ட வருமானத்தில் 15 சதவீதம், வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையில், 25 ஆண்டுக்கு.

அந்த வியாபாரத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டோம். பையன் தேறாவிட்டால் ஒரு டாலரும் திருப்பித் தர வேண்டாம், போட்டவருக்குத்தான் நட்டம். காட்டை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவது போல. விளையாத வருசம் இரண்டு பேருக்கும் இல்லை. குத்தகை அப்படியல்ல, மழை பொய்த்தாலும் பேசின பணத்தை எண்ணி வைக்க வேண்டும். எங்கள் பயம் என்னவென்றால், நம் பக்கத்துக் கொடுக்கல் வாங்கலில் புரோநோட்டும் தொகை எழுதாத செக்கும் தோட்டத்துப் பத்திரமும் இல்லாமல் பணம் கை மாறுவது அபூர்வம். பங்கும் எழுதி வாங்கி, அதே மேசையில் அப்பாவிடம் புரோநோட்டும் வாங்கினால், தேறிய பையனிடம் வாரம், தேறாத பையனின் குடும்பத்திடம் குத்தகை. இரண்டு பக்கமும் அறுக்கிற இந்தப் பத்திரத்தை உங்கள் மைதானத்துக்குள் விடாதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

கணக்கைப் பாருங்கள். மூன்று லட்சத்தை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் ஐந்து வருசத்தில் வட்டி 3.6 லட்சம், முதலோடு 6.6 லட்சம். 2024 புரோ கபடி லீக் ஏலத்தில் கடைசிப் பிரிவான டி பிரிவின் அடிப்படை விலை ஒரு பருவத்துக்கு 9 லட்சம். பையன் அந்த அடிமட்ட விலையிலேயே ஐந்து பருவம் ஆடினால் 45 லட்சம், அதில் இருபது சதவீதம் 9 லட்சம். ஊரே முகம் சுளிக்கும் வட்டியைவிட இது அதிகம். ஏ பிரிவின் அடிப்படை விலையான 30 லட்சத்துக்குப் போனால் ஒரே பருவத்தில் 6 லட்சம் போய்விடும்.

ஆனால் கபடியில் பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் லீக் அல்ல. ரயில்வே, காவல்துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. தமிழக அரசு வேலையிலும் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு. பத்திரத்தில் "விளையாட்டின் மூலம் கிடைக்கும் அனைத்து வருமானமும்" என்று ஒரு வரி இருந்தால் அந்தச் சம்பளமும் உள்ளே வந்துவிடும். மாதம் 35,000 சம்பளத்தில் 7,000 போகும். நாலாவது வருசமே மூன்று லட்சம் தாண்டிவிடும். 21 வயதில் சேர்ந்தவர் 60-இல் ஓய்வு பெறும்போது, ஊதிய உயர்வே இல்லையென்று வைத்தாலும், கொடுத்தது 32 லட்சத்துக்கு மேல். மூன்று லட்சம் கொடுத்தவருக்கு இந்த ஒரு வரிதான் பொன். படிக்கும்போது யார் கண்ணிலும் படாது.

அடுத்தது, பங்கை எதிலிருந்து எடுப்பது. 9 லட்சம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 8.1 லட்சம்தான் கைக்கு வரும். மேனேஜர் இருந்து அவருக்குப் பத்து சதவீதம் என்றால் அதில் 90,000. பங்கை மொத்தத் தொகையில் கணக்கிட்டால் இன்னும் 1.8 லட்சம். மிச்சம் 5.4 லட்சம். பிடித்த வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரலாம், அதற்கு மாதக்கணக்காகும். அதுவரை பங்குக்காரர் பொறுக்க மாட்டார். பங்காகக் கொடுத்ததைச் செலவாகக் கழிக்க வரித்துறை ஒப்புமா என்பது பத்திரம் எழுதிய விதத்தைப் பொறுத்தது. ஒப்பாவிட்டால், தன்னிடம் இல்லாத பணத்துக்கும் பையன் கணக்குக் காட்ட வேண்டிவரும்.

வருமானம் ஏறும், இறங்கும். சின்னப்பம்பட்டி நடராஜனை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்கு எடுத்தார்கள், அடுத்த ஆண்டே 40 லட்சம், 2025 பருவத்துக்கு 10.75 கோடி. அவர் எந்தப் பத்திரமும் எழுதியதாகச் சொல்லவில்லை. 17 வயதுப் பையனுக்கு விலை வைக்க யாராலும் முடியாது என்பதற்காகச் சொல்கிறோம். விலை தெரியாத பொருளை விற்கும்போது உச்சவரம்பு ஒன்றுதான் காப்பு.

சட்டம் பையன் பக்கம் நிறையவே இருக்கிறது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமான பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது. 18 ஆன மறுநாள் "பழையதை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கினாலும் உயிர் வராது, புதிதாகப் பணம் கொடுத்துப் புதிதாக எழுத வேண்டும். அதனால்தான் பையனை விட்டுவிட்டு அப்பாவின் கையெழுத்தைத் தேடுவார்கள். பத்திரக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டிவைக்கும் நிபந்தனை செல்லாது என்று ஜாகீர் கான் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இன் தமிழகச் சட்டமும் இருக்கிறது. ஆனால் வழக்காடப் பணம் இல்லாத வீட்டுக்குத் தீர்ப்பு எட்டாது. முத்திரைத்தாளில் நோட்டரி சீல் விழுந்தாலே முடிந்தது என்று நம்புகிற வீடுகள் அவை. ஆகவே கையெழுத்துக்கு முன்னாலேயே தடுக்க வேண்டும், அந்த இடத்தில் நிற்பவர்கள் நீங்கள்தான்.

எந்தப் பத்திரம் பரவாயில்லை என்று கேட்பீர்கள். திருப்பித் தருவதற்கு உச்சவரம்பு, கொடுத்ததில் மூன்று மடங்கு. மூன்று லட்சத்துக்கு ஒன்பது லட்சம், அத்தோடு முடிந்தது. பத்துப் பேருக்குக் கொடுத்தவருக்கு நாலு பேர் தேறினாலே முதல் போக 6 லட்சம் மிஞ்சும், ஆகவே கொடுப்பவருக்கும் இதில் அநியாயம் இல்லை. காலம் ஏழு வருசம். அடிபட்டு ஆடாத மாதங்களுக்குப் பங்கு கிடையாது, அதற்காகக் காலமும் நீளாது. லீக் ஒப்பந்தத் தொகை மட்டுமே கணக்கில் வரும். வேலைச் சம்பளம், அரசுப் பரிசு, முதலமைச்சர் கோப்பைப் பணம், உதவித்தொகை, காப்பீடு எல்லாம் வெளியே. வரியும் மேனேஜர் பணமும் போக மீதியில்தான் பங்கு. வருசத்துக்கு ஆறு லட்சத்துக்குக் கீழே வந்தால் பங்கே இல்லை. பங்கை மூன்றாம் ஆளுக்கு விற்கக் கூடாது. புரோநோட்டு, செக், நிலப்பத்திரம் எதுவும் கூடாது. ஒன்று வாங்கினாலும் அது கடன்தான், கடனுக்குப் பங்கு கிடையாது.

பத்திரம் தமிழில் இருக்கட்டும், பையன் கையில் ஒரு நகல், கையெழுத்துக்கு முன் 15 நாள். பணம் கொடுப்பவர் கூட்டி வரும் வக்கீல் பையனுக்கு வக்கீல் ஆக மாட்டார். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் சிறார்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.

கார் பந்தயம் மட்டும் தனி. செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டும் பையனுக்கு டயருக்கும் இன்ஜினுக்குமே லட்சங்கள் ஆகும், பங்கு விற்காமல் சிலரால் மேலே போக முடியாது. கபடிக்கும் ஓட்டத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஷூ, பஸ் செலவு, முட்டை, பால், ஒரு எம்.ஆர்.ஐ. இதற்காக வாழ்நாள் பங்கை விற்க விடுவது நம் எல்லோருக்கும் வெட்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் வீரர்களுக்கான உதவித் திட்டங்களும் இருக்கின்றன. விண்ணப்பம் நிரப்பித் தர ஒரு ஆளை நியமித்தாலே பாதி வீடுகளுக்குப் பங்குக்காரர் தேவைப்படமாட்டார்.

கடைசியாக உங்களையே பற்றி, மரியாதையோடு. பயிற்சியாளரோ தேர்வாளரோ பங்கு வைத்திருந்தால் அணித் தேர்வு கெடும். லிகமென்ட் கிழிந்த ரெய்டரை "இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்று இறக்கிவிடத் தோன்றும், ஏனென்றால் ஏலத்துக்கு ஆள் பார்க்க வந்திருப்பார்கள். பங்குள்ள பையனுக்காகப் பங்கில்லாத பையன் வெளியே உட்காருவான். எனவே அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானம் போடுங்கள். நிர்வாகி, தேர்வாளர், பயிற்சியாளர், அவர்கள் குடும்பத்தார் யாரும் எந்த வீரரின் வருமானத்திலும் பங்கு வைக்கக் கூடாது. மாவட்ட அணித் தேர்வுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள்: "உன் வருமானத்தில் யாருக்காவது பங்கு எழுதிக் கொடுத்திருக்கிறாயா? வீட்டில் யாராவது புரோநோட்டு கொடுத்திருக்கிறார்களா?" ஆம் என்று வந்தால் நகலை வாங்கிப் படியுங்கள். படிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் கட்டணமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
கொங்குப் பகுதி விளையாட்டுப் பிள்ளைகளின் பத்திரமும் கணக்கும் பார்ப்பவர்கள்