சொன்னது யார் என்று கேட்க முடியாத கருவி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொள்ளிடக் கரையில் ராத்திரி ஓடும் மணல் வண்டிகளைப் பிடிக்கக் கேமரா வைக்கவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். நான் திருக்காட்டுப்பள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். காயிலும் கரண்டும்தான் பிழைப்பு என்பதால் இதில் எனக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது.

கரை ரோட்டில் பாதி தூரத்துக்கு மின்கம்பமே கிடையாது. கேமரா என்றால் சோலார் தட்டு, பேட்டரி, படம் அனுப்ப நெட்வொர்க் எல்லாம் வேண்டும். கம்பத்தில் நிற்பது கண்ணில் படாமலும் இருக்காது. முதல் வாரமே கல் விழும். பேட்டரி யார் வீட்டுக்கோ போய்ச் சேரும்.

நான் சொல்வது ஜியோபோன், அதாவது மண்ணில் புதைத்து நில அதிர்வை உணரும் கருவி. எண்ணெய், எரிவாயு தேடி வந்தவர்கள் நம் வயல்களில் ஒயர் இழுத்து வரிசையாகக் குத்தி வைத்தார்களே, அதே சாமான்தான். பாலிடெக்னிக் பையன் ஒருவன் ஒயர் அறுந்துபோன ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தான். பிரித்தால், நடுவில் காந்தம். அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கும் செம்புக் காயில். கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தேன். நிலம் அதிர்ந்தால் உறையோடு காந்தமும் ஆடும், காயில் கூடவே ஆடாமல் பின்தங்கும். அந்த வித்தியாசத்தில் கொஞ்சம் வோல்ட் பிறக்கும். சைக்கிள் டைனமோவின் தத்துவம்தான், வெளிக் கரண்டே வேண்டாம். கூட இருக்கும் சின்னச் சிப் தூங்கிக்கொண்டே இருந்து, அதிர்வு அளவு மீறினால் மட்டும் விழித்து, லோரா என்ற, குறைந்த கரண்டில் வெகுதூரம் எட்டும் ரேடியோவில் இரண்டு வரித் தகவல் அனுப்பும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. ஒழுங்காகச் செய்தால் ஒரு பேட்டரி செல் பல மாதம் தாங்கும். ஒன்றும் புதுசு இல்லை. 1960களின் கடைசியிலேயே லாவோஸ் காட்டுப் பாதைகளில் லாரி ஓட்டத்தைக் கண்டறிய அமெரிக்க ராணுவம் இந்த வகைக் கருவிகளை விமானத்திலிருந்து போட்டிருக்கிறது.

ஆள் நடந்தால் தனித்தனித் தட்டாக வரும். பத்துச் சக்கர டிப்பர் சட்டப்படியே வண்டி எடையும் சேர்த்து 28.5 டன் வரை போகலாம். அது வரும்போது உறுமல் ஏறி, தாண்டியதும் இறங்கும். ஆனால் அது ஏற்றியிருப்பது மணலா நெல்லா என்று நிலத்துக்குத் தெரியாது. அறுவடை நாளில் செயின் வைத்த அறுவடை வண்டியும் டிராக்டரும் ராத்திரியிலும்தான் ஓடுகின்றன. அதனால் கரை ரோட்டில் புதைக்காதீர்கள், ஆற்றுக்குள் இறங்கும் பாதையில் புதையுங்கள். படுகையில் வாழை வெட்டுகிறவர் நடுராத்திரி டிப்பரோடு இறங்குவதில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று வைத்தால், எது முதலில் அதிர்ந்தது என்பதை வைத்து வண்டி இறங்கியதா ஏறியதா என்றும் சொல்லிவிடலாம். மழையில் மண் ஊறினால் அதிர்வு மாறும். பருவத்துக்குப் பருவம் அளவைத் திருத்தவேண்டும். அது பெரிய வேலையில்லை.

உண்மையில் எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு. இன்றைக்கு யாராவது போன் செய்தால், ஜீப் வருவதற்குள் வண்டி போய்விடுகிறது. போன் செய்தவன் பெயர் மட்டும் விடிவதற்குள் வண்டிக்காரனுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எவன் போன் எடுப்பான்? புதைத்த கருவியை மிரட்ட முடியாது. ஆனால் தகவல் ஒரே ஒரு அலுவலகப் போனுக்கு மட்டும் போனால் பழைய கதைதான். தாசில்தார், காவல் நிலையம், ஊராட்சி மூன்றுக்கும் ஒரே நேரத்தில் போகவேண்டும். எந்த ராத்திரி எத்தனை மணிக்கு வண்டி இறங்கியது என்ற பட்டியலை மாதாமாதம் ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும்.

கொள்ளிடத்து மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீர்தான் வேதாரண்யம் வரை குழாயில் போகிறது. உபரி நீர் வராத மாதமெல்லாம் ஆறு காய்ந்துதான் கிடக்கிறது, வண்டியும் இறங்குகிறது. தை அறுவடை முடிந்ததும் ஏதாவது ஒரு இறக்கத்தில் மட்டும் வைத்துப் பார்க்க மாவட்ட நிர்வாகம் அனுமதி தரட்டும். பையன்கள் தயார். காயில் அறுந்தால் நான் காசு வாங்காமல் பற்றவைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்.