அந்த ராணியின் கையை அப்படியே விட்டுவிடுங்கள்

ஆண்டு விழாக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

என் மகளும் அவளோடு ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நான்கு பிள்ளைகளும் எழுதிக் கொடுத்த நாடகம் போன வாரம் உங்களிடமிருந்து திரும்பி வந்தது. முதல் பதினோரு பக்கத்தில் ஒரு திருத்தமும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. ஓரத்தில், 'முனிவர் வருகிறார். ஆசீர்வதிக்கிறார். சக்தி மறைகிறது. ராணி எல்லாப் பெண்களையும் போல ஆகிறாள். சுபம்' என்று எழுதியிருந்தது. நேரில் வந்து கேட்டேன். "ஏதோ வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும்மா, நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி முடிச்சிருக்கோம்" என்றீர்கள். அன்றைக்கு எனக்குப் பதில் வாயில் வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் போகும் எமரால்டு பஸ்ஸில் பாதி வழி வருவதற்குள் முழுப் பதிலும் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான். மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலைநாட்டு இளவரசி. ஆறு வயதில் பால் குடிக்க டம்ளரைப் பிடிக்கிறாள், பால் கட்டியாகிவிடுகிறது. ராஜா பயந்துபோய், அடுப்பங்கரையை ஒட்டிய அறையில் அவளை வைத்து வளர்க்கிறார். அடுப்பு அணையக் கூடாது, அவள் யாரையும் தொடக் கூடாது. பதினாறு வயதில் அப்பா இறந்துபோக, அவளுக்குப் பட்டம் கட்டுகிறார்கள். முதல் ஓலையில் கையெழுத்துப் போட உட்காருகிறாள், மைக்கூடு உறைந்துவிடுகிறது. மந்திரி கெட்டவர் இல்லை. (பிள்ளைகள் அவரைக் கெட்டவராக்காமல் விட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.) "தாயே, நீங்கள் திரைக்குப் பின்னால் இருங்கள், வெளி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவளும் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அப்புறம் மூன்று குளிர்காலம் நாட்டில் பயிர் கருகுகிறது. அவள் எதையும் தொடவே இல்லை. ஆனால் எந்த ராத்திரி பனி விழும் என்பது அந்தக் கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் 'நீதான் வரவழைத்தாய்' என்பார்களே என்ற பயம். வீட்டில் ஒரு பெண் தன் கையைப் பார்த்துப் பயந்தால் அந்த வீட்டோடு போகும். அரியணையில் இருப்பவள் பயந்து உட்கார்ந்தால், எங்கோ பள்ளத்தில் கால் ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டவன் அதற்கு விலை கொடுக்கிறான். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

வெளிநாட்டுப் படம் என்று நீங்கள் சொன்னது இந்த இடத்தில்தான் எனக்குச் சுட்டது. இது என் அம்மாவின் கதை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுத்து. அந்தக் கணக்கில் அம்மாவும் ஒரு தலை. நுவரெலியா பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர், பதினான்கு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார். நுவரெலியாவிலும் தை மாதம் தேயிலையில் பனி விழும். அங்கேயே அவருடைய அம்மாயியிடம் பனி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் எப்படிப் பார்ப்பார் என்பதைச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் முற்றத்துக்கு வருவார். முதலில் வானம். மேகம் இருந்தால் அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிடுவார். நட்சத்திரம் பொரிகடலை கொட்டினாற்போல இருந்தால் நிற்பார். பிறகு பக்கத்து வீட்டு அடுப்புப் புகையைப் பார்ப்பார். மேலே ஏறிப் போகிறதா, கூரைக்குக் கொஞ்சம் மேலே போய்த் தட்டையாகப் படுத்துக்கொள்கிறதா என்று. கடைசியாகக் கோழிக் கூண்டின் மேல் கிடக்கும் தகரத்தில் புறங்கையை வைப்பார். உள்ளங்கையை வைக்க மாட்டார்; அது வேலை செய்து காய்த்துப்போன கை, பொய் சொல்லும் என்பார். புறங்கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டு, யாரோ காதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து நிற்பார். சின்ன வயதில் அதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேலே சூடான காற்று மூடி போட்டாற்போல உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் புகை படுத்துக்கொள்கிறது. ஆள் உயரத்தில் வைத்த மானி இரண்டு டிகிரி காட்டும்போதே புல்நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அம்மா மூன்றாவதோடு நின்றவர். ஆனால் தகரம் புல்லைப் போலவே சீக்கிரம் குளிரும் என்பது அவர் புறங்கைக்குத் தெரியும்.

அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, கார்த்திகை கடைசியில் ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில், "இன்னைக்குக் கீழ்ப்பள்ளத்துல விழும்" என்று சொல்லியிருக்கிறார். விழுந்தது. பனி விழுந்த செடி காலையில் வெள்ளையாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவுக்கு விடியற்காலையிலேயே வந்து போட்டோ எடுப்பவர்கள் அதோடு போய்விடுகிறார்கள். வெயில் ஏறியதும் தண்ணீரில் வெந்த கீரை மாதிரி தொங்கி, இரண்டொரு நாளில் தீய்ந்து கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு ஊரில், "அவ கருநாக்குக்காரி, வாயை வச்சா விளங்காது" என்றார்கள். குழாயடியில் அவர் வந்தால் பேச்சு நின்றது. பச்சைக் குழந்தையை அவரிடம் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், அம்மாவே அதை நம்பிவிட்டார். நான் நினைத்ததால்தான் விழுகிறதோ என்று தோன்றியதாம். ஒன்பது வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முற்றத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. போவார், தகரத்தைத் தொடுவார், உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தூங்க மாட்டார்.

அது எப்படி மாறியது என்றால், பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. பக்கத்து நிலத்தில் புதிதாகத் தேயிலை நாற்று நட்டிருந்தார்கள், கடன் வாங்கி. அந்த அக்கா ஒரு ராத்திரி அம்மா முற்றத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன சொல்லுது உன் தகரம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அம்மா சொன்னார். சொல்லும்போது கை நடுங்கியதாம். இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து காட்டில் வளரும் தாகைச் செடியை வெட்டிக்கொண்டு வந்து, கிடைத்த மிலார்க் குச்சியையும் சேர்த்து, பன்னிரண்டு மணி வரை நாற்றை மூடினார்கள். தாகை போதாமல் மேல் ஓரத்தில் இரண்டு வரிசை மூடாமல் விட்டார்கள். காலையில் அந்த இரண்டு வரிசைதான் போயிருந்தது. அக்கா வேலியோரம் வந்து, "நாளைக்கு?" என்றார்.

அன்றைக்கும் அம்மாவின் கை அதே கைதான். பயம் போனது, கை போகவில்லை. என் மகள் எழுதிய கடைசிக் காட்சியும் இதுதான், நீங்கள் கோடு போட்ட காட்சி.

'பெண்ணுக்குச் சக்தி இருக்கிற மாதிரியே முடித்தால் நன்றாக இருக்காது' என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி என்கிறீர்கள், சரி, நம்ம ஊரையே பார்ப்போம். காரைக்கால் அம்மையார் கேட்டதும் கையில் மாங்கனி வந்தது. அதைப் பார்த்த கணவன் பயந்துபோய்க் கப்பலேறினான். திரும்பி வந்து பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று அம்மையாரின் பெயரையே வைத்தான். அம்மையாரிடமிருந்து சக்தியைப் பிடுங்கி, அவரைப் பழையபடி சமையலறைக்கு அனுப்பி யாரும் கதையை முடிக்கவில்லை. கோயிலில் 63 நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் ராணி மங்கம்மாள். 1689இல் தொடங்கிப் பேரனுக்காக மதுரையை ஆண்டவர். நினைவில்லாமல் இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டு, அது பாவமென்று பயந்துபோய், பரிகாரமாகத்தான் சாலையும் சத்திரமும் அமைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அவ்வளவு பெரிய அரசியை வெற்றிலைக்குப் பயந்தவராகக் காட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கதை கட்டிய ஜனங்கள்கூட அந்தக் கையை வேலை செய்ய விட்டார்களே.

'மூடநம்பிக்கை' என்ற சொல்லும் ஓரத்தில் இருந்தது. முனிவர் ஆசீர்வதித்ததும் எல்லாம் சரியாகிவிடுவது மட்டும் எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

பிள்ளைகளின் கடைசிக் காட்சியில் அறிவியல் இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ராணி ராத்திரியில் திரையை விலக்கிக்கொண்டு நாற்றங்காலுக்கு வருகிறாள். மூடுவதற்குத் தாகை இல்லை. ஜனங்கள் குடம் குடமாக நாற்றின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அவள் அதைத் தொட்டுத் தொட்டு உறைய வைக்கிறாள். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் மகள் புத்தகத்தைத் திறந்து காட்டினாள்: தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியே விடுகிறது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 80 கலோரி. உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்பிரிங்க்ளர் வைத்திருக்கும் தோட்டங்களில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடிப்பது இதற்குத்தான். புதிதாகத் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை, பனிக்கட்டிக்குள் இருக்கும் தளிர் பூஜ்யத்திலேயே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. நடுவில் நிறுத்தினால் முன்னைவிட மோசம். அதனால் விடியும்வரை ஜனங்கள் குடத்தை இறக்க முடியாது, அவள் கையை எடுக்க முடியாது. 'என் கையில் இருப்பது குளிர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்' என்று அவள் சொல்லும் ஒரு வரியையும் அடித்திருக்கிறீர்கள். அந்த வரியை யார் எழுதியது என்று கேட்டேன். ஐந்து பேரும் நான்தான் என்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நீங்கள் சொன்னது ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. மைக்கூடு உறையும் காட்சியில் விளக்கை அணைக்கத் திட்டம் வைத்திருந்தார்கள். அணைக்காமல் நடத்தச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே நான் கேட்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். முனிவர் வேடத்துக்கு ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றும், அவன் வீட்டில் தாடி வாங்கிவிட்டார்கள் என்றும் தெரியும். அந்தத் தாடியோடு அவன் குடம் தூக்கலாம், ஊர்ப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள்.

இன்னொன்று. அம்மா நாடகம் பார்க்க வர ஆசைப்படுகிறார். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது, முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டால் போதும். ஆனால் விழா ஜனவரியில் வருகிறது. அன்றைக்கு சாயங்காலம் வானம் தெளிந்து காற்றும் நின்றுவிட்டால் அவர் வர மாட்டார், இப்போதே சொல்லிவிட்டார். எங்கள் வளைவில் பதினோரு வீடு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். அப்படி ஆனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ராணி வேடம் போடும் பெண்ணின் அம்மா