எழுத்தின் அளவும் ஒப்பந்தப்புள்ளியில் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்துப் பணிபுரிவோர் கண் எரிச்சல், தலைவலி என்று சொன்னால், கண்ணாடியை மாற்றுங்கள், அடிக்கடி கண்ணைச் சிமிட்டுங்கள் என்ற அறிவுரையே கிடைக்கிறது. திரையில் வரும் படிவத்தை வடிவமைத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தமிழில் பதிவு செய்யும் எங்களுக்கு இதில் சிரமம் அதிகம். ஆங்கிலத்துக்கென முடிவு செய்த எழுத்தளவிலேயே தமிழையும் காட்டும் மென்பொருள்களில் இருசுழி 'ன'வும் முச்சுழி 'ண'வும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாததால் புள்ளி, மேல் வரியிலிருந்து இறங்கும் உகரக் குறியோடு மோதி மறைந்துவிடுகிறது. 'சரவணன்' என்ற பெயரைச் சரிபார்க்கவே திரையருகே குனிய வேண்டியிருக்கிறது. அப்படிக் குனிந்து பார்ப்பதால் கழுத்து வலியும் சேர்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கணினித் திரைப் பணிக்கான பன்னாட்டுத் தரநிலைத் தொடரான ஐஎஸ்ஓ 9241 பரிந்துரைக்கும் எழுத்தளவைக் கணக்கிட்டால், 60 செ.மீ. தொலைவிலிருந்து படிக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கே ஏறத்தாழ 3.5 மி.மீ. உயரம் தேவைப்படுகிறது. சுழியும் கொக்கியும் நிறைந்த தமிழுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுப்பது எவ்வகையிலும் பொருந்தாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து என்ற இன்றைய நாகரிகம் அதை மீறுகிறது. கறுப்புப் பின்னணிக்கு மாறுவதும் முழுத் தீர்வாகாது. விளக்கொளி மிகுந்த அறையில் அத்தகைய திரையில் பிரதிபலிப்பே முன்னே தெரியும்.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பான ஐரோப்பிய சமூகம் 1990-இலேயே திரைப் பணிக்கென ஓர் ஆணையை வெளியிட்டது. எழுத்து தெளிவாகவும் போதிய அளவிலும் இருக்க வேண்டும், எழுத்துகளுக்கும் வரிகளுக்கும் இடையே இடம் விட வேண்டும், திரை நடுங்கவோ கண் கூசவோ கூடாது, பணியாளருக்குக் கண் பரிசோதனை பெற உரிமை உண்டு என்றெல்லாம் அது கூறுகிறது. அதாவது, பொறுப்பு பணியாளரின் கண்ணோடு நின்றுவிடாமல் பணியளிப்பவர் மீதும் வைக்கப்பட்டது.

எனவே, தமிழக அரசுத் துறைகள் மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, தமிழ் எழுத்தின் குறைந்தபட்ச அளவு, வரி இடைவெளி, ஒளி வேறுபாடு ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும். ஏற்பளிக்கும் முன், நாற்பது வயதைக் கடந்த பதிவுப் பணியாளர்கள் சிலரை அவர்கள் வழக்கமாக அமரும் மேசையிலேயே, சன்னல் வெளிச்சம் விழும் நேரத்தில், ஒரு முழு நாள் அதில் பணிபுரியச் செய்து கருத்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பதிவுப் பணியாளர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.