பெட்டி ஒளித்துவைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜியோகேச்சிங்கில் தேடித் தேடிப் பழகி, இப்போது சொந்தமாகப் பெட்டி ஒளித்துவைக்கவும் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் வட இங்கிலாந்தில், யார்க்ஷயரில் இருக்கிறேன். சனி ஞாயிறு வந்தால் மகளோடு பெட்டி தேடிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தப் பக்கம் வேறு சில தமிழ்க் குடும்பங்களும் இதில் இறங்கியிருக்கின்றன. உங்களில் சிலர் தேடுவதோடு நிற்காமல் ஒளித்துவைக்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேட்டபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, கூடவே ஒரு கவலையும் வந்தது. அதனால்தான் இந்த மடல், அதுவும் தமிழில். எண்ணிக்கைக்காகப் பெட்டி வைக்காதீர்கள், வைத்த பெட்டியைக் கைவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் கையிலும் மடல் கிடைக்கலாம் என்பதால் அவர்களுக்கு நாலு வரி. ஒருவர் எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றை (இதைத்தான் கேச் என்கிறோம்) மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு போய்த் தேடுகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பெரிய பெட்டியானால் உள்ளே சின்னச் சின்னப் பொருள்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்கவேண்டும்.

இது தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கும்வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. நூறு மீட்டர் தள்ளிக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு புதருக்குள் டப்பா தேட முடியுமா? மே 2 அன்று அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு பீன்ஸ் டின். மூன்றே நாளில் இரண்டு பேர் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மே 11 அன்று கான்சஸ் மாநிலத்தில் மிங்கோ என்ற இடத்தில் வைக்கப்பட்ட கேச்சுக்கு இன்றுவரை ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அது இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் யாரோ அதைத் தொடர்ந்து கவனித்துக்கொள்வதுதான்.

இந்த ஆசைக்கு இங்கிலாந்தில் இன்னும் பழைய வேர் உண்டு. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கிரான்மியர் பூல் என்றொரு இடம். சுற்றிலும் சேறும் சதுப்பும், போய்ச் சேருவதே பெரும்பாடு. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பாட்டிலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வந்தார்கள்? அந்த இடத்துக்காக வந்தார்கள்.

நாங்கள் தேடியதில் மகளுக்கு இன்றும் பிடித்தது, யார்க்ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்கு ஒன்றில் பழைய சுண்ணாம்புக் காளவாசலின் பக்கத்தில் இருந்த பெட்டி. நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் டப்பா. உள்ளே ஜிப் பையில் நோட்டுப்புத்தகம், சீவிச் சீவிச் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்ட பென்சில், ஒரு கோலிக்குண்டு, ஏதோ ஒரு நாட்டுக் காசு, எண் பொறித்த தகடோடு, பெட்டி விட்டுப் பெட்டி பயணம் போகும் டிராவல் பக் ஒன்று. நோட்டில் பத்து வருஷத்துக் கையெழுத்துகள். மழையில் வந்தவர், நாயோடு வந்தவர், எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதிய குழந்தை. பெட்டியை வைத்தவர் அதன் இணையப் பக்கத்தில் காளவாசலைப் பற்றி விளக்கமாக எழுதியிருந்தார். சுண்ணாம்புக்கல்லையும் நிலக்கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி எரிப்பார்களாம். எரித்த சுண்ணாம்பை மேட்டுநிலத்துப் புளிப்பு மண்ணில் போட்டால் அங்கே நல்ல புல் வளருமாம். சுண்ணாம்பு என்றால் வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும் என்று வளர்ந்தவன் நான். அதற்கு முன்பு எத்தனையோ காளவாசல்களை வெறும் கல் குவியல் என்று தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது எங்கே பார்த்தாலும் மகள் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறாள். முகம் தெரியாத ஒருவர் வைத்த பெட்டி செய்த வேலை இது.

இதற்கு நேர் எதிரானது பவர் டிரெயில், அதாவது எண்ணிக்கைக்காக ஒரே பாதையில் வரிசையாகப் பெட்டி வைப்பது. ஒரு கேச்சுக்கும் அடுத்த கேச்சுக்கும் நடுவில் குறைந்தது 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்பது விதி. பெட்டிகள் நெருக்கியடிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதியை, 161 மீட்டருக்கு ஒன்று வைத்தே ஆகவேண்டும் என்பதுபோல் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் வேற்றுக்கிரக நெடுஞ்சாலை என்று பெயர் பெற்ற பாலைவனச் சாலையில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிம் டப்பாக்களை, அதாவது கேமரா பிலிம் சுருள் வரும் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களை, வரிசையாக வைத்தார்கள். சாலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மாநிலப் போக்குவரத்துத் துறை கேட்டுக்கொண்டதால் 2011-இல் அவற்றை எடுக்கவேண்டியதாயிற்று. அப்புறம் வேறு வடிவில் திரும்ப வந்தன. அங்கே தேடுகிறவர்கள் காரைவிட்டு இறங்குவதே சில நொடிகளுக்குத்தான். இன்னும் வேகம் வேண்டும் என்பவர்கள் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, அடுத்ததை நோக்கிக் கார் ஓடும்போதே கையெழுத்தைப் போட்டு, அதை அங்கே வைத்துவிட்டு அங்கிருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நாள் முடியும்போது எந்த டப்பாவும் அது வைக்கப்பட்ட இடத்தில் இருக்காது.

நண்பர்களோடு ஒரு நாள் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு இப்படிச் சுற்றுவதில் ஒரு குதூகலம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் நம் வயல்வெளி நடைபாதைகளுக்கும் வந்துவிட்டது. வேலிக்கம்பத்துக்கு ஒரு டப்பா, கேட்டுக்கு ஒரு டப்பா. பக்கத்தைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு. டப்பாவைக் காணவில்லையென்றால் நீங்களே ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு வரி வேறு. வைத்தவரே திரும்பி வரப்போவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? உண்மையான டப்பா ஓர் அடி தள்ளிக் கல்லுக்கடியில் கிடக்கும், தேடிச் சலித்தவர் போட்டது மேலே தொங்கும். அடுத்து வருபவர் எதில் கையெழுத்துப் போடுவார்?

பிலிம் டப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். விலையில்லாமல் கிடைத்த காலத்தில் எல்லோரும் அதை வைத்தார்கள், சரி. அதன் மூடி வெயிலுக்கும் குளிருக்கும் விட்டுக்கொடுத்து, மழையை உள்ளே விட்டுவிடும். ஒரு நவம்பரில் காற்றும் மழையுமாக மேடேறிப் போய், ஒரு கேட்டுக்கடியில் இருந்த டப்பாவைத் திறந்தோம். உள்ளே இருந்த காகிதச் சுருள் கூழாகியிருந்தது. மகள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல எதுவுமே எழுத முடியாது. இவங்க யாருமே வந்து பார்க்கலையா?” என்றாள். அந்த டப்பாவின் இணையப் பக்கத்தில் முந்தைய வசந்தத்திலிருந்தே லாக் நனைந்திருக்கிறது என்று ஆறேழு பேர் எழுதியிருந்தார்கள். வைத்தவர் அதே மாதங்களில் புதிதாக ஒரு வரிசையே வெளியிட்டிருந்தார்.

எண்ணிக்கை அதிகமானால் எல்லாமே கெட்டுப்போகும் என்றும் நான் சொல்லவில்லை. தேவாலயங்களை ஒட்டி வைக்கும் சின்னக் கேச்களான சர்ச் மைக்ரோ தொடரைப் பாருங்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில், பலர் சேர்ந்து வைத்தவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவாலயம், ஒரு ஊர், ஒரு காரணம் இருக்கிறது. பலவற்றில் கேச் இருக்கும் இடம் நேரடியாகக் கிடைக்காது. வாசலில் எழுதிய ஆண்டைக் குறித்துக்கொள்ளவேண்டும், போர் நினைவுக்கல்லில் உள்ள பெயர்களை எண்ணவேண்டும், அப்புறம் கூட்டிக் கழித்து இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அப்படி ஒரு சின்னக் கிராமத்தில் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்ததைப் பார்த்து மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். டப்பா கடைசியில் கிடைத்தது. எங்கே இருந்தது என்பதுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் யோசியுங்கள். 2011 ஜூலையில் எங்கள் மாவட்டத்து வெதர்பி ஊரில், ஒரு கஃபேக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் டப்பாவை வெடிகுண்டு என்று பயந்து, கடைத்தெருவை மூடி, ராணுவ நிபுணர்களை வரவழைத்து வெடிக்கவைத்தார்கள். அது ஒரு கேச். பெட்டி வெளியே இது ஜியோகேச் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், உள்ளே இருப்பது தெரியும் டப்பாவாக வாங்குங்கள், கடை வாசல் என்றால் கடைக்காரரிடம் முதலில் பேசுங்கள். சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர்களுக்குள் எதையும் செருகாதீர்கள். தேடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லை அசைத்தால் அந்தச் சுவர் எத்தனை நாள் நிற்கும்? நிலத்துக்குச் சொந்தக்காரர் அனுமதி கொடுத்தாரா என்று, கேச்சை வெளியிடுமுன் சரிபார்க்கும் ரிவ்யூவர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். அவரும் சம்பளம் வாங்காமல் தன் நேரத்தைக் கொடுக்கிறவர்தான்.

ஆபத்தான இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஷ்டமான இடத்தில் ஒளித்தால் தனி மவுசு உண்டு, தேடும் சிரமத்துக்கும் நிலத்தின் கடினத்துக்கும் ஐந்துக்கு ஐந்து போட்ட கேச்சைத் தேடிப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் 2018 ஜூனில் செக் நாட்டின் பிராகா நகரத்தில் வடிகால் சுரங்கத்துக்குள் கேச் தேடிக்கொண்டிருந்த நாலு பேரைத் திடீர் மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். மழை பெய்தால் அங்கே என்ன ஆகும், அலை எப்போது ஏறும், வேட்டைப் பருவம் எது என்பதெல்லாம் அந்த ஊர்க்காரரான உங்களுக்குத்தான் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு உங்கள் குறிப்பை விட்டால் வேறு துணை கிடையாது. அதை முதல் வரியில் எழுதுங்கள்.

பெட்டியே வேண்டாத கேச்சும் உண்டே! 2004-இல் தொடங்கிய எர்த்கேச் எனக்கு மிகப் பிடித்த வகை. ஒளித்துவைக்க ஒன்றுமில்லை, நனைய ஒன்றுமில்லை. போகிறவர் அந்த நிலத்தைப் பார்த்துச் சில கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பவேண்டும். ஆஸ்ட்விக் கிராமத்துக்கு மேலே நோர்பர் சரிவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பீடங்களின்மேல் கறுத்த பெரிய பாறைகள் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் பாறை, கீழே இருக்கும் கல்லைவிடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது. பழையது எப்படிப் புதியதன்மேல் ஏறியது? பனியாறு இழுத்துவந்து போட்டது. அப்புறம் சுற்றியிருந்த சுண்ணாம்புக்கல்லை மழை கரைத்துக்கொண்டே போக, பாறைக்குக் கீழே குடை பிடித்த இடம் மட்டும் கரையாமல் பீடமாக நின்றுவிட்டது. பீடம் ஓர் அடி உயரம் என்றால் பனியாறு போனபின் இவ்வளவு கல் கரைந்திருக்கிறது என்று பிள்ளைகளே அளந்து சொல்லலாம். இப்படி ஒரு கேள்வியை யோசித்து எழுத உங்களுக்கு ஒரு வாரம் ஆகலாம். அதே வாரத்தில் ஐம்பது டப்பா வைத்துவிடலாம்தான். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும், உங்கள் பெட்டியை நீங்களே போய்த் திறந்து பாருங்கள். காய்ந்த நோட்டு, சீவிய பென்சில், புது ஜிப் பை, இவ்வளவுதான் தேவை. எத்தனை பெட்டிக்கு இப்படிப் போகமுடியுமோ அத்தனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இனி முடியாது என்று தோன்றினால் அதன் பக்கத்தை ஆர்கைவ் செய்து மூடிவிடுங்கள். ஆனால் பக்கத்தை மூடுவதோடு விட்டுவிடாமல், காட்டுக்குப் போய் அந்த டப்பாவையும் எடுத்துவந்துவிடுங்கள். நாம் எடுக்காவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் குப்பை.

வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறவர்கள் நம்மில் அதிகம். போகுமுன் நல்ல பெட்டியை மூடிவிட வேண்டியதில்லை. நீங்கள் சம்மதித்தால் அதை வேறொருவர் பெயருக்கு மாற்றித்தரத் ஜியோகேச்சிங் தளத்திலேயே வழி இருக்கிறது. லீட்ஸுக்கும் ஸ்கிப்டனுக்கும் நடுவில் உங்கள் பெட்டி எதுவும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். மகளும் நானும் எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
யார்க்ஷயரிலிருந்து ஒரு கேச்சர்