செயலிக்குக் கடவுச்சொல் சேர்க்கும் உரிமை: அடைவு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி அடைவுகளை நிர்வகிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் அடைவில் (நிறுவனத்தின் பயனர்களையும் செயலிகளையும் அவற்றின் அனுமதிகளையும் பதிந்து வைக்கும் இடம்) பதிவாகியுள்ள ஒரு செயலிக்குப் புதிய கடவுச்சொல் சேர்க்க, நிரல்கள் வழியாக அடைவைக் கையாள உதவும் இடைமுகமான மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐயின் ஆட்பாஸ்வேர்டு செயலுக்கு ஒரே ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பினால் போதும். அந்தக் கோரிக்கையை யார் அனுப்பலாம் என்பது பல நிறுவனங்களில் டெவலப்பர்களின் அன்றாட வசதி சார்ந்த விஷயமாகவே கருதப்படுகிறது. அப்படிக் கருதுவது பெரும் ஆபத்து என்று நான் நம்புவதால் இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு செயலிக்குக் கடவுச்சொல் சேர்க்க முடிந்தவர் அந்தச் செயலியாகவே உள்ளே நுழைய முடியும். செயலியின் அடையாள எண் ரகசியமானதன்று. அதனோடு தாமே சேர்த்த கடவுச்சொல்லையும் கொடுத்து டோக்கன், அதாவது தற்காலிக நுழைவுச்சீட்டு, பெற்றுவிட்டால், எல்லா அஞ்சல்பெட்டிகளையும் படிக்க அச்செயலிக்கு நீங்கள் என்றோ அளித்த அனுமதி இப்போது அவருடையது. மனிதர்கள் நுழையும்போது கேட்கப்படும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இங்கே கிடையாது. ஒரு செயலிக்கு ஒரே நேரத்தில் பல கடவுச்சொற்கள் இருக்கலாம் என்பதால், பழையது வழக்கம்போல் இயங்கிக்கொண்டேயிருக்கும்; எதுவும் பழுதாகாத காரணத்தால் எவரும் தேடிப் பார்க்கவும் மாட்டார்கள். 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் வழியாக நடந்த ஊடுருவலில் தாக்கியவர்கள் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று: ஏற்கெனவே நம்பப்பட்ட செயலிகளுக்குத் தங்கள் சான்றுகளைச் (கடவுச்சொல், சான்றிதழ் போன்றவை) சேர்த்து, அவற்றின் பெயரிலேயே அஞ்சல்களைப் படித்தார்கள்.

ஆகவே, அப்ளிகேஷன்.ரீட்ரைட்.ஆல் என்னும் அனுமதியை ஒரு தானியங்கி ஸ்கிரிப்டுக்கு வழங்குமுன் தயவுசெய்து ஒருமுறை நின்று யோசியுங்கள். அந்த ஸ்கிரிப்ட் அடைவிலுள்ள எந்தச் செயலிக்கும், தன்னைவிட அதிக அதிகாரம் படைத்த செயலிக்கும்கூட, கடவுச்சொல் சேர்த்துக்கொள்ளலாம். தான் உரிமையாளராக உள்ள செயலிகளை மட்டும் அது கையாள வேண்டுமெனில், அப்ளிகேஷன்.ரீட்ரைட்.ஓன்ட்பை போதுமானது. செயலி நிர்வாகி என்ற பொறுப்பில் உள்ளவர்களையும், ஒவ்வொரு செயலிக்கும் உரிமையாளராகப் பதிவானவர்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பணி மாறிச் சென்ற பிறகும் உரிமையாளர் பட்டியலில் தங்கிவிட்ட பெயர்கள்தான் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன.

அடுத்தது காலாவதி. கோரிக்கையில் முடிவு நாளைக் குறிப்பிடாவிட்டால் கடவுச்சொல் இரண்டு ஆண்டுகள் செல்லும். நிர்வாக இணையதளமான போர்டலில் 24 மாதங்களுக்கு மேல் தேர்வு செய்ய இயலாது; ஆனால் கொள்கை எதுவும் தடுக்காதவரை, ஏபிஐ வழியாக அதைவிட நெடுங்காலத்தையும் கேட்டுப் பெறலாம். போர்டல் விதிக்கும் வரம்பைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம் என்று இதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். மேலும், செயலிப் பதிவின் மீதன்றி அதன் சர்வீஸ் பிரின்சிபலின் (உங்கள் அடைவுக்குள் அச்செயலி இயங்கும் அடையாளம்) மீது நேரடியாகச் சேர்க்கப்பட்ட கடவுச்சொல், செயலிப் பதிவுப் பக்கத்தின் பட்டியலில் தென்படாது. அதைக் காணவும் ஏபிஐயைத்தான் நாட வேண்டும்.

இவற்றைக் கட்டுப்படுத்தும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. செயலி மேலாண்மைக் கொள்கையின் மூலம் கடவுச்சொல் சேர்ப்பதையே தடை செய்யலாம், அல்லது அதன் ஆயுளை, எடுத்துக்காட்டாக, 180 நாட்களுக்குள் நிறுத்தலாம். குறித்த ஒரு தேதிக்குப் பின் உருவாகும் செயலிகளுக்கு மட்டும் தடையைத் தொடங்கவும், தவிர்க்க முடியாத சில செயலிகளுக்கு விலக்கு அளிக்கவும் வழியுண்டு என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் பணிகள் நின்றுவிடுமோ என்ற தயக்கம் தேவையில்லை. மேனேஜ்டு ஐடென்டிட்டியோ (மைக்ரோசாஃப்ட் தானே பராமரிக்கும் அடையாளம்) கூட்டமைப்புச் சான்றோ (நம்பகமான வேறொரு அமைப்பு வழங்கும் டோக்கனை ஏற்கும் முறை) பயன்படுத்தக்கூடிய இடத்தில் கடவுச்சொல்லே வேண்டாம். அதற்கும் வாய்ப்பில்லாத இடத்தில் சான்றிதழ் மேலானது.

கடவுச்சொல் தவிர்க்க முடியாத இடங்களில் உங்கள் டெவலப்பர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். கடவுச்சொல்லின் முழு வடிவம், அதைச் சேர்க்கும் கோரிக்கைக்கு வரும் பதிலில் மட்டுமே வரும். பிறகு அதன் முதல் மூன்று எழுத்துகளைத்தான் காண முடியும். எங்கே தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அதை அஞ்சலிலும் அரட்டையிலும் ஒட்டி வைப்பதும், ஸ்கிரிப்ட் அந்தப் பதிலை அப்படியே லாக் கோப்பில் எழுதிவிடுவதும் இதன் விளைவுகளே. வந்த கணமே அது ரகசியப் பெட்டகத்துக்குச் செல்லும்படி ஸ்கிரிப்டை எழுத வேண்டும். புதியதற்கு மாறிய பின் பழையதை அதன் அடையாள எண்ணான கீ ஐடியைக் கொடுத்து ரிமூவ்பாஸ்வேர்டு மூலம் நீக்குவதையும் அதே ஸ்கிரிப்டே செய்ய வேண்டும்; பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான். நீக்கிய பிறகும், ஏற்கெனவே வழங்கப்பட்ட டோக்கன் தன் காலம் முடியும்வரை, வழக்கமாக ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக, செல்லுபடியாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

செயலிகளின் சான்றுகள் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் தணிக்கைப் பதிவில் அது இடம்பெறுகிறது. அந்தப் பதிவுக்கு ஓர் எச்சரிக்கை அமைத்து, அதைப் பார்த்து விசாரிக்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அடைவுகளை நம்பிச் செயலிகளை எழுதும் ஒருவர்