மொழிப்பாட நூலைத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியத்துக்கு ஒரு மடல்

எங்கள் வட்டாரக் கல்வி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். என் மகள் டோக்கியோவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். 'கொகுகோ' என்னும் ஜப்பானிய மொழிப்பாட நூலை அடுத்த முறை தேர்ந்தெடுக்கும்போது, அதைக் கையில் வைத்துப் பாடம் நடத்துகிறவர்களின் பேச்சுக்கு முதலிடம் கொடுங்கள்.

ஆசிரியர்களிடம் எப்போது பேசினாலும் நேரம் போதவில்லை என்கிறார்கள். நியாயம்தான். இரண்டாம் வகுப்பில் மொழிப்பாடத்துக்கு ஆண்டுக்கு 315 பாடவேளை, சீனத்திலிருந்து வந்த 'காஞ்சி' எழுத்துகளில் புதியவை 160. நான்காம் வகுப்பில் பாடவேளை 245 ஆகக் குறைகிறது, எழுத்துகளோ 202. மாகாணப் பெயர்களுக்கான 20 எழுத்துகளும் 2020இல் இந்த வகுப்பின் தலையில்தான் விழுந்தன. கிஃபு மாகாணப் பெயரில் வரும் 'ஃபு' எழுத்தை அந்தப் பெயருக்கு வெளியே ஒரு குழந்தை எங்கே பார்க்கப் போகிறது?

இந்த அவசரத்தில் அடிபடுவது கதைதான். எழுத்தாளர் நீமி நன்கிச்சியின் 'கொன்கிட்சுனே' கதை நீங்களும் பள்ளியில் படித்ததாகத்தான் இருக்கும். ஹியோஜூ என்பவன் பிடித்த விலாங்கு மீனைத் திருடிய நரி, மனம் வருந்தி, அவன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கஷ்கொட்டைகளைக் கொண்டுபோய் வைக்கிறது. விஷயம் தெரியாத அவன் அந்த நரியையே துப்பாக்கியால் சுட்டுவிடுகிறான். 'நீயா கொண்டுவந்தாய்?' என்று அவன் கேட்க, கண்ணை மூடியபடியே நரி தலையசைக்கிறது. அப்போது அதற்கு வருத்தமா, நிம்மதியா? பிள்ளைகள் இதில் மோதிக்கொள்ளத் தொடங்கும்போது மணி அடித்துவிடுகிறது, மறுநாள் காஞ்சித் தேர்வு என்கிறார் ஓர் ஆசிரியை. அந்த விவாதத்துக்கு இடம் விடாத நூல் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அப்புறம், வீட்டில் வேறு மொழி பேசும் என் மகள் போன்ற பிள்ளைகளுக்காக, வகுப்பாசிரியை பாடப் பக்கங்களை நகலெடுத்து, ஒவ்வொரு காஞ்சியின் பக்கத்திலும் அதன் உச்சரிப்பைக் கையால் ஹிரகானா என்னும் எளிய ஒலியெழுத்தில் எழுதித் தருகிறார். எந்த நூல் இந்த வேலையைக் குறைக்கும் என்று அவரைக் கேட்டால் உடனே சொல்வார்.

டோக்கியோ ஷோசெகி, க்யோயிகு ஷுப்பன், மிட்சுமுரா தோஷோ என்று மூன்று பதிப்பகங்களின் நூல்கள் இருக்கின்றன. ஒருமுறை முடிவு செய்தால் நான்கு ஆண்டுகளுக்கு மாற்ற முடியாது. ஜூன் மாதப் பாடநூல் கண்காட்சியில் பொதுமக்கள் கருத்து எழுதலாம், சரி. வகுப்பை விட்டுவிட்டு ஆசிரியர்கள் அங்கே வர முடியுமா? மாதிரி நூல்களைச் சில வாரமாவது ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் அறையிலும் வையுங்கள். குறிப்பாக மூன்றாம், நான்காம் வகுப்பு ஆசிரியர்களிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்ட நூலை ஒதுக்கினால், என்ன காரணம் என்பதை அவர்களுக்கும் பெற்றோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்